அளவு எடுக்கும் நாள்

குளியலறைக் கதவு அறைந்து சாத்தப்பட்ட வேகத்தில் அலமாரியில் இருந்த பட்டன் டப்பா கீழே விழுந்தது. பட்டன்கள் அறை முழுக்க உருண்டு ஓடின. காது மந்தமான மாஸ்டரே வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து தலையைத் தூக்கிவிட்டார் என்றால் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"என்ன விழுந்துச்சு?" என்றார்.

"உங்க பொண்ணு!" என்றாள் அவர் மனைவி. "பாத்ரூம்ல போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா! இன்னிக்கின்னு பார்த்து!"

"ஐயோ, எங்க விழுந்தா?"

"விழலைங்க! பூட்டிக்கிட்டா! பூ...ட்...டிக்கிட்டா!"

அந்த வீட்டில் எல்லாமே சத்தமாகத்தான் நடக்கும். மாஸ்டர் தன் வாலிபம் முழுவதையும் நெசவாலையில் தறிகளுக்கு நடுவே கழித்தவர். ஆலை அவர் காதை வாங்கிக்கொண்டு ஆளை வெளியே அனுப்பிவிட்டது. அதன்பிறகு மனைவியிடம்தான் துணி வெட்டப் பழகினார். பழகிய கையோடு தெரு அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்தது. சொல்லிக்கொடுத்தவளை மட்டும் டெய்லரம்மா என்றே விட்டுவிட்டது. அவருக்குக் கேட்க வேண்டும் என்று கத்திக் கத்தி டெய்லரம்மாவுக்குத் தொண்டை அப்படியே அமைந்துவிட்டது. உப்பு இருக்கிறதா என்று கேட்டாலே தெருமுனை வரை கேட்கும்.

சத்தமில்லாமல் இருந்தது மகள் ஒருத்திதான். அதுவும் இந்த ஒரு வருடமாக.

எட்டாம் வகுப்பு பாதியில் ஒருநாள் காலை பள்ளிக்கூடப் பையை மெஷினுக்கு அடியில் தள்ளிவிட்டு, "நான் போகல" என்றாள். வயிற்றுவலியா என்று கேட்டார்கள். டாக்டரிடம் காட்டினார்கள். யாராவது பையன் பின்னால் வருகிறானா என்று டெய்லரம்மா கேட்டது கீழ்வீட்டுக்கும் கேட்டு, கீழ்வீட்டம்மா அரை நாள் தெருவில் நின்று வருகிற போகிற பையன்களை எல்லாம் முறைத்துப் பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. பழைய பள்ளி, வராத பிள்ளைக்கு இனி இடமில்லை என்று சொல்லிவிட்டது.

நடையாய் நடந்து கேட்டதில் இரண்டு தனியார் பள்ளிகள், வாசலில் பெரிய கடிகாரம் வைத்த ஒன்றும் முற்றத்தில் மரம் நிற்கும் ஒன்றும், ஒன்பதாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தன. இன்று மாலைக்குள் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்து சரி என்று சொல்லவேண்டும். தவறினால் அந்த இடங்களுக்கு வேறு பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள்.

"பாப்பா, கதவைத் திற!" டெய்லரம்மா கதவைத் தட்டினாள். "கடிகார ஸ்கூல்ல மேடமே கூப்பிட்டுச் சொல்லியிருக்காங்க. அவங்க யூனிஃபார்ம் வேலையும் இனிமே நம்மகிட்டதான். நீ உள்ள படிப்ப, நான் அளவெடுக்க வருவேன், போவேன். உன்னைப் பக்கத்துலயே பார்த்துக்குவேன். வேற எந்தப் பிள்ளைக்கு இந்தக் கொடுப்பினை இருக்கு சொல்லு?"

உள்ளே குழாய்த் தண்ணீர் இன்னும் வேகமாக விழுந்தது.

"எனக்கு அந்த மரத்தடி ஸ்கூல்தான் தேவலைன்னு படுது" என்றார் மாஸ்டர். அவர் பட்டன்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். "கடிகார ஸ்கூல்ல பிள்ளைங்க கஞ்சி போட்ட துணி மாதிரி நிக்குதுங்க. ஒரு மூஞ்சியிலயும் சுருக்கம் இல்ல, சிரிப்பும் இல்ல."

"மரத்தடியில என்ன வாழுதாம்? சட்டையை வெளிய விட்டுக்கிட்டுத் திரியுதுங்க. ஒரு பிள்ளைக்காவது காலர் பட்டன் இருக்கா? நானும் பார்த்தேனே!"

"நீ பட்டனைப் பாரு. நான் மூஞ்சியைப் பார்க்கிறேன்."

கீழேயிருந்து கீழ்வீட்டம்மாவின் குரல் வந்தது. "டெய்லரம்மா! கடிகாரத்துலயே போடு! ரிசல்ட்டு நல்லா வருதாம்!"

"உங்களை யாரும் கேக்கல!"

"நீ கத்துறது கேக்குதே, நான் என்ன பண்ண!"

மாஸ்டர் எழுந்து வந்து கதவில் காதை அல்ல, நெற்றியை வைத்துக்கொண்டார். "பாப்பா, நீ பேசினா எனக்குக் கேக்காது. நான் பேசுறது உனக்குக் கேக்கும். அதனால நானே பேசுறேன். ரெண்டு ஸ்கூலுக்கும் போவோம். ரெண்டையும் பார்ப்போம். பிடிச்சதைச் சொல்லு. பிடிக்கலன்னா..."

"பிடிக்கலன்னா?" என்று பாய்ந்தாள் டெய்லரம்மா. "பிடிக்கலன்னா என்ன பண்ணுவா? இந்த மெஷின்ல உட்காருவாளா?"

தண்ணீர் நின்றது.

"உட்காருறேன்" என்றது உள்ளேயிருந்து.

மாஸ்டருக்குக் கேட்கவில்லை. ஆனால் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து என்ன பதில் வந்திருக்கும் என்று தெரிந்துகொண்டார்.

டெய்லரம்மா மெஷின் முன்னால் இருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணின் வயதில்தான் அவளை ஒரு கடையில் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க உட்கார வைத்தார்கள். பெடலுக்குக் கால் எட்டாததால் அடியில் கட்டை வைத்துக்கொடுத்தார்கள். அன்று குனிந்த முதுகு. இப்போது தலைக்கு மேல் இருக்கும் எதையாவது எடுக்க வேண்டுமென்றால் சுவரைப் பிடித்துத்தான் நிமிர வேண்டியிருக்கிறது. கோபம் வந்தால் சத்தம் வரும் அவளுக்கு. இப்போது சத்தம் வரவில்லை.

"உன் காலைப் பிடிக்கிறேன் பாப்பா" என்றாள் கதவைப் பார்த்து. "இந்த ஸ்டூல் மட்டும் வேண்டாம்டி உனக்கு."

கொஞ்ச நேரம் கழித்துத் தாழ்ப்பாள் திறந்தது. மகள் முகம் கழுவியிருந்தாள். கண் மட்டும் கழுவியும் சிவப்பாகவே இருந்தது.

*

வெளியே விடாத தூறல். ஈரக்காற்றில் துணி நமத்துப்போய் சாக்பீஸ் கோடு பிடிக்காமல் இரண்டு நாளாக வெட்டுவேலை கெட்டுக்கிடந்தது. மூன்று பேரும் இரண்டு குடையில் நடந்தார்கள். போகிற வழியில் டீக்கடையில் ரொட்டி வாங்கிக்கொடுத்தாள் டெய்லரம்மா. மகள் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். நனைந்து பிசுபிசுத்ததும் தெருவோரம் நின்ற நாய்க்குப் போட்டாள்.

"கலகல இருந்தா இந்நேரம் ரெண்டு தின்னிருக்கும்" என்றாள் டெய்லரம்மா.

மகள் குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள்.

கலகல என்பது மகளின் சிநேகிதி. பெயர் வேறு, சிரிப்பை வைத்து டெய்லரம்மா இட்ட பெயர் இது. பூசினாற்போல் உருண்டையான பெண். பள்ளி விட்டதும் நேராக இவர்கள் வீட்டுக்கு வந்து, துணிக்குவியலில் சாய்ந்து உட்கார்ந்து, இருப்பதைத் தின்று, எதையாவது சொல்லிச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு மாஸ்டருக்கே கேட்கும். தறிச்சத்தத்துக்குப் பிறகு தன் காதில் சுத்தமாக விழுந்த சத்தம் அது ஒன்றுதான் என்பார். போன வருடம் நடுவில் அவள் வருவது நின்றது. அந்த வீட்டார் அவளைப் பள்ளி மாற்றிவிட்டதாகத் தெரிந்தது. அதன்பிறகு கொஞ்ச நாளில்தான் மகளும் போகமாட்டேன் என்று உட்கார்ந்தாள்.

"சிநேகிதி போனா என்ன, வேற சிநேகிதி கிடைக்கமாட்டாளா?" என்று டெய்லரம்மா நூறு தடவை கேட்டாயிற்று. "உன்னை அந்தப் பழைய ஸ்கூல்ல எல்லாருக்கும் தெரியுமேடி! போன வருஷம் நான் யூனிஃபார்முக்கு அளவெடுக்க வந்தப்ப, நீ எழுத நான் சொல்ல, எவ்வளவு ஜாலியா இருந்துச்சு! பிள்ளைங்க எல்லாம் எப்படிச் சிரிச்சுதுங்க!"

அந்த நாளை நினைத்தால் டெய்லரம்மாவுக்கு இன்னும் நெஞ்சு நிறையும். வகுப்பு முழுக்க வரிசையில் நிற்க, கழுத்தில் டேப்போடு தான் நின்றதும், அளவை உரக்கச் சொல்லச் சொல்ல மகள் மேஜையில் உட்கார்ந்து முத்து முத்தாக எழுதியதும். தாயும் மகளுமாகச் சேர்ந்து செய்த முதல் வேலை.

மரத்தடிப் பள்ளியில் பெரியவர் ஒருவர்தான் தலைமை ஆசிரியர். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்.

"ஏம்மா படிப்பை விட்ட?" என்று மகளைக் கேட்டார்.

"அதுங்க சார், கொஞ்சம் உடம்புக்கு..." என்று டெய்லரம்மா தொடங்கினாள்.

"பிள்ளையே சொல்லட்டுமே."

மகள் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வற்புறுத்தவில்லை. "சுத்திப் பார்த்துட்டு வாங்க. பிடிச்சா சொல்லுங்க, இன்னிக்கே வகுப்புல உட்காரலாம்" என்றார்.

தாழ்வாரத்தில் நடந்துபோகும்போது மாஸ்டர் சட்டென்று நின்றார்.

"ஏ, நில்லு. கலகல சத்தம் கேக்குது!"

"உங்களுக்கா? காதுல என்ன பிரமையா?"

"இல்ல, அந்தச் சிரிப்புத்தான். எனக்குத் தெரியாதா?"

கடைக்கோடி வகுப்பின் வாசலில் நாலைந்து பெண்களோடு அவள் நின்றிருந்தாள். கலகலதான். கொஞ்சம் உயர்ந்திருந்தாள். எதற்கோ குனிந்து வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏய் கண்ணு!" என்று டெய்லரம்மா அங்கிருந்தே கூப்பிட்டாள். தாழ்வாரமே திரும்பிப் பார்த்தது. "இங்கதான் இருக்கியா நீ! எவ்வளவு இளைச்சிட்ட! போன வருஷ யூனிஃபார்ம் இப்போ தொளதொளன்னு இருக்குமேடி!"

சிரிப்பு நின்றது. அந்தப் பெண் டெய்லரம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தைப் பார்த்தாள். டேப் அங்கேதான் தொங்கிக்கொண்டிருந்தது. தூங்கும்போது தவிர டெய்லரம்மா அதைக் கழற்றுவதில்லை, வெளியே வரும்போதும் நினைவிருக்காது. அந்தப் பெண் இரண்டு கையாலும் தன் இடுப்பை மறைத்துக்கொண்டு மளமளவென்று வகுப்புக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து யாரோ, என்ன ஆச்சு என்று அவளைப் பெயர் சொல்லிக் கேட்டார்கள். நல்ல பெயர். டெய்லரம்மாவுக்கு மறந்தே போயிருந்த பெயர்.

"பாத்தீங்களா, பெரிய ஸ்கூலுக்கு வந்ததும் நம்மளைத் தெரியாத மாதிரி போகுது" என்றாள் கணவனிடம். குரலில் நிஜமான வருத்தம்.

"உன்னைப் பார்த்து இல்ல. டேப்பைப் பார்த்து ஓடுது" என்றார் மாஸ்டர்.

"டேப் என்ன பாம்பா?"

மகள் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இந்த ஸ்கூல் வேண்டாம்" என்றாள் மகள். "வாங்க, போயிடலாம்."

டெய்லரம்மாவுக்குக் கேட்க வேண்டியது அதுதான். ஒரு வருடத்தில் முதல் முறையாகப் பெண் வாய் திறந்து ஒன்றை வேண்டாம் என்றிருக்கிறாள். ஒன்று வேண்டாம் என்றால் மற்றது வேண்டும் என்றுதானே. அவள் மழையில் முன்னால் நடந்தாள். குடை பிடிக்கவும் மறந்துபோனாள்.

*

கடிகாரப் பள்ளியில் படிக்கட்டுகூடப் பளபளத்தது. செருப்பு ஈரத்தை எங்கே துடைப்பது என்று மாஸ்டர் தடுமாறினார். மேடம் எழுந்திருக்காமலே புன்னகை செய்தார்.

"வாங்க. பிள்ளை சம்மதிச்சாச்சா?"

"சம்மதிச்சிட்டா மேடம்! அந்த ஸ்கூல் வேண்டாம்னு அவளே சொல்லிட்டா!"

"நல்லது. அளவு டேப் கொண்டு வந்திருக்கீங்க போலிருக்கே? ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைங்க இப்ப ஹால்ல சும்மாதான் இருக்காங்க. முடிச்சுட்டீங்கன்னா உங்களுக்கும் ஒரு வேலை தீர்ந்துச்சு. உங்க பொண்ணும் தன் கிளாஸைப் பார்த்த மாதிரி இருக்கும்."

மகள் அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். "இன்னொரு நாள் பண்ணலாம்மா."

"சும்மா இருடி. மேடம் எவ்வளவு மரியாதையா சொல்றாங்க."

ஹாலில் பெண்கள் வரிசையாக நின்றார்கள், மேடமும் ஓரமாக வந்து நின்றார். மகளுக்கு ஒரு மேஜையும் பேனாவும் கொடுத்தார்கள். மாஸ்டர் வாசலோரம் சுவரில் சாய்ந்து நின்றார். டெய்லரம்மா தலைமுடியை இறுக்கி முடிந்துகொண்டு, கழுத்து டேப்பை உருவினாள். அந்த நொடியில் அவள் முதுகு வலியெல்லாம் எங்கோ போய்விட்டது. வேலை கையில் வந்தால் அவளைப் பார்க்க அழகாக இருக்கும். டேப் ஒரு பெண்ணின் தோளில் விழும், இடுப்பைச் சுற்றும், முழங்காலுக்கு இறங்கும். எல்லாம் ஒரே வீச்சில்.

"தோள் பதினாலு! இடுப்பு இருபத்தாறு! நீளம் இருபத்திரண்டு! அடுத்தது வா கண்ணு!"

ஹால் எதிரொலித்தது. மகள் எழுதினாள்.

"தோள் பதினாலரை! இடுப்பு இருபத்தெட்டு! நேரா நில்லு ராசாத்தி, கூனாதே. அடுத்தது!"

ஐந்தாறு பேர் ஆன பிறகு வந்தவள் பெரிய உடம்புக்காரி. வரிசையில் தன் முறை நெருங்க நெருங்கப் பின்னால் நின்றவர்களை ஒவ்வொருவராக முன்னால் அனுப்பிவிட்டு நின்றிருந்தவள். இனி முன்னால் போக யாரும் சம்மதிக்காததால் வந்து நின்றாள். மூச்சை உள்ளிழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மூச்சை விடு கண்ணு, இல்லன்னா தச்சதும் இறுக்கிப் பிடிக்கும்" என்று சிரித்தபடி டேப்பைச் சுற்றினாள் டெய்லரம்மா. "தோள் பதினேழு! இடுப்பு நாற்பது!"

வரிசையில் ஒரு குபீர்ச் சிரிப்பு.

டெய்லரம்மாவும் சேர்ந்து சிரிக்கத்தான் வாயெடுத்தாள். பிள்ளைகள் சிரித்தால் அவளுக்குப் பிடிக்கும். அதற்குள் பின்னாலிருந்து ஒரு மெல்லிய குரல், மேடத்துக்குக் கேட்காதபடி வந்தது.

"ஏ நாப்பது, நகரு. எங்களுக்கும் வழி விடு."

"நாப்பது" என்றது இன்னொரு குரல், ருசி பார்ப்பது போல.

பெரிய உடம்புக்காரி இரண்டு கையாலும் இடுப்பை மறைத்துக்கொண்டாள்.

டெய்லரம்மாவின் கையில் டேப் அப்படியே நின்றது. இந்தக் கைகளை அவள் இன்று ஏற்கெனவே பார்த்திருக்கிறாள். கொஞ்சம் முன்னால், ஒரு தாழ்வாரத்தில். அவள் மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தாள். மகள் எழுதவில்லை. பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஒரு வருடமாக யாருக்கும் சொல்லாமல் சுமந்ததை அம்மா இப்போதாவது பார்க்கிறாளா என்கிற பார்வை.

போன வருடம், கலகல சிரித்துக்கொண்டேதான் வரிசையில் வந்து நின்றாள். "ஆன்ட்டி, ரெண்டு டேப் வேணும்" என்று தன்னைத்தானே கிண்டல் பண்ணினாள். டெய்லரம்மா உரக்கச் சொன்ன எண் எது? முப்பத்தெட்டு. பிள்ளைகள் எல்லாம் எப்படிச் சிரித்தார்கள்!

"ஐயோ, தப்பு தப்பு!" என்று கத்தினாள் டெய்லரம்மா திடீரென்று. "டேப்பைத் தலைகீழாப் பிடிச்சிட்டேன்! நாற்பது இல்ல, முப்பது! முப்பது எழுதிக்கோ பாப்பா! எனக்குக் கண்ணு போயிடுச்சு!"

வாழ்க்கையில் அவள் அளவைத் தப்பாகச் சொன்னதே இல்லை. வாசலில் நின்ற மாஸ்டர் அவள் உதட்டைப் படித்துவிட்டுத் திகைத்தார். பெண்கள் இன்னும் பலமாகச் சிரித்தார்கள், இந்த முறை டெய்லரம்மாவைப் பார்த்து. ஆனால் எதுவும் மாறவில்லை. "நாப்பது, இப்படி வா" என்று ஒருத்தி அந்தப் பெண்ணுக்கு இடம் விட்டாள். பெயர் வைத்தாயிற்று.

மிச்சம் இருந்தவர்களுக்கு டெய்லரம்மா ஒவ்வொரு அளவுக்கும் மேஜைவரை நடந்துபோய், குனிந்து, மகளின் காதில் சொன்னாள்.

"ஏன் இவ்வளவு நேரம்? அங்கேயிருந்தே சொல்லலாமே" என்றார் மேடம்.

"தொண்டை கட்டிக்கிச்சு மேடம்."

*

வெளி வராந்தாவில் மழை கனத்திருந்தது. மேடம் உள்ளே காத்திருந்தார். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. டெய்லரம்மா தூணோரமாக மகளை நிறுத்தினாள். டேப்பைச் சுருட்டிச் சுருட்டி உள்ளங்கைக்குள் அடக்கிக்கொண்டாள்.

"முப்பத்தெட்டுன்னுதான் கூப்பிட்டாங்களா?" என்று கேட்டாள். அந்தக் குரல் மகளுக்கே புதிது. இவ்வளவு சின்னக் குரல் அம்மாவிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

மகள் தலையாட்டினாள். "கரும்பலகையில எழுதி வச்சாங்க. சார்கூட ஒரு தடவை கேட்டுட்டு சிரிச்சாரு."

"உன்னையும் ஏதாவது..."

"என்னை ஒன்னும் சொல்லல. எங்கிட்ட வந்து மத்தவங்க நம்பரைக் கேப்பாங்க. நான்தானே எழுதினேன். அவ என்கூடப் பேசுறதை நிறுத்திட்டா."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாடி?"

"சொன்னா நீ கத்துவ. கீழ்வீட்டம்மா கேப்பாங்க. தெருவுக்கே தெரியும். அப்புறம் தெருவுலயும் அவளை அப்படியே கூப்பிடுவாங்க."

மழைச்சத்தத்தில் டெய்லரம்மா அழுவது கேட்கவில்லை.

மாஸ்டர் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னம்மா பேசுறீங்க? எனக்கு ஒன்னும் கேக்கலையே. இங்க சேர்க்கிறதா இல்லையா? மேடம் பார்த்துக்கிட்டே இருக்காங்க."

டெய்லரம்மா மகளின் முகத்துக்கு நேரே குனிந்தாள். ஒருவேளை இரண்டுமே வேண்டாம் என்பாளோ, ஸ்டூலில்தான் உட்காருவேன் என்பாளோ என்ற பயம் அவளுக்கு இருந்தது.

"நீயே சொல்லு பாப்பா. எது சொன்னாலும் சரி. எந்த ஸ்கூல்?"

மகள் அம்மாவின் மூடிய கையைப் பார்த்தாள். விரலிடுக்கில் டேப்பின் நுனி தெரிந்தது.

"அவ இருக்கிற ஸ்கூல்லயே சேர்த்துவிடும்மா, அவ என்கூடப் பேசலன்னாலும் பரவாயில்ல. ஆனா நீ மட்டும் அங்க வராதம்மா... அங்க அவளை இன்னும் பேர் சொல்லித்தான் கூப்பிடுறாங்க."